நூற்று இருபத்தொன்பதிலிருந்து நூற்று அறுபது வரை

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய நாவல்.
சத்துவாச்சாரி வந்து சேர்வதற்குள்
மே மாத வெயிலில் பசை உருகி
முதுகு கழன்று
ஏழு கட்டாய் என் மடியில் கிடந்தது.

ஒட்டிவிடலாம் என்றேன்.
"எதுக்கு? நம்ம பிளாக்குலயும் ஏழு வீடுதானே"
என்றாள் எமல்டா.

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் வாசிப்பு வட்டம்.
வீட்டுக்கு முப்பத்திரண்டு பக்கம்.
அடுத்தவர் கட்டை எட்டிப் பார்க்கக் கூடாது.
சனிக்கிழமை ராத்திரி
மொட்டை மாடியின் சூடு
வெறுங்காலுக்குப் பொறுக்கும் நேரமாய்ப் பார்த்து
அவரவர் பங்கை அவரவர் வாயால் சொல்லவேண்டும்.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் துளசிங்கம்
கதையையும் கணக்காகவே சொன்னார்:
ஒரு ஊர், ஒரு மாவு மில்,
பட்டம்மாள் என்று ஒருத்தி, கடன் பதினோராயிரம்.
தாட்சாயணிக்குப் பட்டம்மாளின் புருஷனைப் பிடிக்கவில்லை.
அவன் பேசியதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள்,
கதை சீக்கிரம் முடிந்துவிட்டது.
மூன்றாவது எனக்கு.
ரத்த வங்கியில் நைட் டூட்டி, குளிர்பெட்டிகளின் உறுமலில் படித்தேன்.
பட்டம்மாள் மில் சாவியைக் கிணற்றில் போட்ட இடத்தில்
ஓ நெகட்டிவ் கேட்டு ஓடிவந்தார்கள்.
கன்னியப்பன் மாஸ்டர் அவளை
அண்ணன் ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்.
ஐந்தாவது நாற்காலி
காலி.

கீழ்வீட்டு முனிரத்தினம்.
மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுச் சுவரில்.
டேங்க் வழிந்த ஒரு காலையில்
நான் சொன்ன ஒரு சொல்லும்
அவர் திருப்பிச் சொன்ன இரண்டும்
இரண்டு வருஷமாய்ப் படிக்கட்டிலேயே கிடக்கின்றன.
தாண்டித் தாண்டிப் போய்வருகிறோம்.

ஷமீமா ஆறாவதைப் பிரித்தாள்:
"பட்டம்மா கையில மாவுக்கட்டு. ஆனா சிரிக்கிறா."

கை எப்படி உடைந்தது?
மில் பெல்ட் என்றார் துளசிங்கம்.
பஸ் கவிழ்ந்திருக்கும் என்றார் மாஸ்டர்.
"கதவிடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருப்பா.
அப்படித்தானே சொல்லுவோம்"
என்றாள் தாட்சாயணி.
எல்லோரும் கொஞ்ச நேரம்
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இருட்டில் மலை தெரியவில்லை.

புதன் விடியற்காலை டூட்டி முடிந்து வந்தவள்
அவர் கதவைத் தட்டினேன்.
"இன்னாம்மா, தண்ணி வர்லியா?"
"நூத்தி இருபத்தொம்பது," என்றேன்.
உள்ளே போய் எடுத்துவந்தார்,
காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது.
"கண்ணாடி ஒடஞ்சி ஒரு மாசமாவுது.
நூத்தி நாப்பத்தொண்ணு வரிக்கும் வந்துகீறேன்.
முடிக்காம வந்து இன்னா சொல்றது?"

மோட்டார் மேடையில் உட்கார்ந்து
மீதியை நான் படித்தேன்.
அண்ணன் விறகுக்கட்டையைக் கையிலெடுத்த பக்கத்தில்
என் குரல் நின்றது.
"படிம்மா."
படித்தேன்.
மேலே டேங்க் நிரம்பி
சுவரெல்லாம் தண்ணீர் இறங்கியது.
அவரும் எழவில்லை, நானும்.

அந்தச் சனிக்கிழமை வந்தார்.
தேய்த்த சட்டை. கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.
கட்டைத் திறக்காமலே சொன்னார்:
"அண்ணங்காரன் வூட்ல ஒரு சைக்கிள் கீது.
பட்டம்மா அத்த எட்துகினு ஏரிக்கரைக்குப் போறா.
நாலு தபா வுய்ந்தா. அஞ்சாவது தபா கை ஒடஞ்சிது.
ஆனா அதுக்குள்ள ஓட்டக் கத்துகினா."

சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.
தாட்சாயணி பக்கமும்.
நான் நகத்தில் ஒட்டியிருந்த எதையோ
சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஷமீமா தன் முப்பத்திரண்டு பக்கத்தையும்
முன்னும் பின்னும் புரட்டினாள்.
"இதுல சைக்கிளே இல்லியே அண்ணா?"

ஏழாவது கட்டைத் தொடைக்கடியில் வைத்திருந்த எமல்டா
"வித்திருப்பா," என்றாள்.
"கடன் இருக்குதுல்ல."